கண்ணில் படும்படி நினைவூட்டும் கணினி நாட்காட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்திப்புகளைக் கணினி நாட்காட்டியில் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தும், வேலை மும்முரத்தில் அவற்றைத் தவறவிடுபவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்குமான வழிகள் இதில் உள்ளன. பெரும்பாலான கணினிகளில் பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், அவற்றின் பெயர்கள் திரையில் தெரியும் ஒலிப்பிலேயே எழுதப்பட்டுள்ளன.

நினைவூட்டல் வந்திருக்கிறது, ஆனால் நான் பார்க்கவே இல்லை. இது எப்படி நடக்கிறது?

விண்டோஸில் ஓர் அறிவிப்பு திரையின் வலது கீழ் மூலையில் தோன்றி, வேறு எதையும் மாற்றாத நிலையில் 5 விநாடிகளில் மறைந்து, அறிவிப்புப் பட்டியலுக்குள் போய்விடுகிறது. அந்த 5 விநாடிகளில் நீங்கள் விசைப்பலகையையோ மேசை மீதிருக்கும் தாளையோ பார்த்துக்கொண்டிருந்தால் அது வந்ததே தெரியாது. புதிய மின்னஞ்சல், வைரஸ் தடுப்பு மென்பொருளின் அறிக்கை, ஏதோ ஓர் இணையதளத்தின் விளம்பரம் என எல்லாம் அதே மூலையில்தான் வந்து போகின்றன. அதனால் அந்த மூலையைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கண் பழகிவிடுகிறது.

கணினியே அறிவிப்பை அடக்கி வைப்பது இரண்டாவது காரணம். விண்டோஸ் 11இல் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்றும் விண்டோஸ் 10இல் ‘ஃபோகஸ் அசிஸ்ட்’ என்றும் அழைக்கப்படும் வசதி, முழுத்திரையில் ஒரு செயலி இயங்கும்போதும், திரையைப் புரொஜெக்டரில் காட்டும்போதும், விளையாட்டு ஓடும்போதும் தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அலுவலகத்தில் ஒருவர் விளக்கவுரை நிகழ்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த கூட்டத்துக்கான நினைவூட்டல் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்படியானால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நினைவூட்டலைத் திரையில் வரைவது யார் என்பதைப் பாருங்கள். சில நாட்காட்டி மென்பொருள்கள் தமக்கென ஒரு சாளரத்தைத் திறந்து, நீங்கள் ‘டிஸ்மிஸ்’ (நீக்கு) அல்லது ‘ஸ்னூஸ்’ (ஒத்திவை) பொத்தானை அழுத்தும்வரை அதை அங்கேயே நிறுத்தி வைக்கின்றன. மற்றவை செய்தியை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. முதல் வகையில் நினைவூட்டல் தவறுவது அரிது. இரண்டாவது வகையில், அது எவ்வளவு நேரம் நிற்கும், எந்த ஒலியுடன் வரும், வருமா வராதா என்பதையெல்லாம் இயங்குதளத்தின் அமைப்புகளே தீர்மானிக்கின்றன.

நிறம், வடிவமைப்பு, மாதப் பார்வை, வாரப் பார்வை முதலியவற்றை ஒப்பிட்டுப் பலர் நேரம் செலவிடுகிறார்கள். நினைவூட்டலே உங்கள் தேவை என்றால், அந்த ஒப்பீடு பிறகு இருக்கட்டும். பதில் சொல்லும்வரை நிற்கும் சாளரம், அது மற்றச் சாளரங்களுக்கு மேலே வரும் வசதி, நாமே ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கணினி அணைந்திருந்தபோது தவறிய நினைவூட்டல்களைப் பிறகு காட்டும் பழக்கம் ஆகிய நான்கும் இருக்கும் மென்பொருள், பார்வைக்குப் பழையதாகத் தோன்றினாலும் பயன்படும்.

கட்டணம் இல்லாமல் கிடைப்பவற்றில் எது நல்லது?

விண்டோஸிலும் லினக்ஸிலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தண்டர்பேர்ட். அதை மின்னஞ்சல் மென்பொருளாக மட்டுமே அறிந்தவர்கள் பலர். முன்பு ‘லைட்னிங்’ என்ற பெயரில் துணைநிரலாக இருந்த நாட்காட்டிப் பகுதி, 2020இல் வெளியான 78ஆம் பதிப்பிலிருந்து அதன் உள்ளேயே ஒரு பகுதியாக வருகிறது. மின்னஞ்சல் கணக்கு எதையும் இணைக்காமல், நாட்காட்டியாக மட்டும்கூட அதைப் பயன்படுத்தலாம்.

தண்டர்பேர்டில் நேரம் வந்ததும் தனிச் சாளரம் ஒன்று திறக்கிறது. நிலுவையில் உள்ள எல்லாச் சந்திப்புகளும் அதில் வரிசையாகத் தெரியும்; ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒத்திவைக்கலாம் அல்லது நீக்கலாம். ஆனால் நிறுவிய உடனே அப்படியே விட்டுவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். புதிய நிகழ்வுகளுக்கு நினைவூட்டல் தானாகச் சேரும் வசதி அதில் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் நாட்காட்டிப் பகுதிக்குச் சென்று, நிகழ்வுகளுக்கான இயல்பு நினைவூட்டலை ‘ஆன்’ என்று மாற்றி, எத்தனை நிமிடங்களுக்கு முன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நினைவூட்டல் சாளரத்தைக் காட்டுவது, ஒலி எழுப்புவது, தவறிய நினைவூட்டல்களைக் காட்டுவது ஆகிய மூன்றும் தேர்வாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாட்காட்டியின் பண்புகளிலும் நினைவூட்டல்களைக் காட்டுவதற்கெனத் தனியாக ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை.

இதில் உள்ள பெரிய குறை, தண்டர்பேர்ட் திறந்திருந்தால் மட்டுமே நினைவூட்டல் வரும் என்பது. மூடிவிட்டால் அது மௌனமாகிவிடும். ஆகவே கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கும் நிரல்களில் அதைச் சேர்த்துவிட்டு, வேலைக்கு இடையூறாக இருந்தால் சிறிதாக்கி வையுங்கள், மூடாதீர்கள்.

விண்டோஸில் ரெயின்லெண்டர் என்ற மென்பொருளும் நெடுங்காலமாக இருக்கிறது. திரையின் பின்னணியிலேயே மாத நாட்காட்டியை ஒட்டி வைத்தது போலக் காட்டி, நேரம் வரும்போது எச்சரிக்கைச் சாளரத்தைத் திறக்கிறது. அதன் எளிய பதிப்பு இலவசம். கூகுள் காலண்டரோடு இணைக்க வேண்டுமானால் கட்டணப் பதிப்பு தேவைப்படும்.

அலுவலகத்தில் அவுட்லுக் கொடுத்திருக்கிறார்கள். நினைவூட்டல் மற்றச் சாளரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறதே?

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருளான அவுட்லுக்கில் பழையது, புதியது என இரண்டு உண்டு. பழைய அவுட்லுக்கில் இது பலருக்கும் உள்ள தொல்லை. நினைவூட்டல் சாளரம் பின்னால் திறந்துவிட்டு, பணிப்பட்டையில் உள்ள சின்னம் மட்டும் மினுக்கும். ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று சென்று, ‘ரிமைண்டர்ஸ்’ என்ற தலைப்பின் கீழே, நினைவூட்டல்களை மற்றச் சாளரங்களுக்கு மேலே காட்டும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஒலிக்கோப்பையும் மாற்றிக்கொள்ளலாம். முடிந்துபோன சந்திப்புகளின் நினைவூட்டல்களைத் தானாக நீக்கும் கட்டமும் அதே பகுதியில் இருக்கிறது. விடுப்பு முடிந்து வந்த நாளில் குவிந்து கிடக்கும் பழைய நினைவூட்டல்களை மொத்தமாக நீக்கும் அவசரத்தில் அன்றைய சந்திப்பையும் சேர்த்து நீக்கிவிடுபவர்களுக்கு அந்தக் கட்டம் உதவும்.

புதிய அவுட்லுக், இணையச் செயலியைப் போல் கட்டப்பட்டது. அதன் நினைவூட்டல்கள் எப்படி வரும் என்பது அதன் அமைப்புகளையும் விண்டோஸ் அறிவிப்புகளையும் பொறுத்தது. அலுவலகம் இரண்டையும் அனுமதித்தால், நினைவூட்டலை முக்கியமாகக் கருதுபவர்கள் பழையதில் தொடர்வதே மேல் என்பது என் கருத்து. விண்டோஸோடு வந்த ‘மெயில்’, ‘காலண்டர்’ செயலிகளை இன்னும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது.

வேறு மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை. விண்டோஸ் அறிவிப்பையே சற்று நேரம் நிற்க வைக்க முடியுமா?

முடியும், இது அதிகம் பேருக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘ஆக்சஸிபிலிட்டி’, ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ என்று சென்றால், அறிவிப்பு எவ்வளவு நேரத்துக்குப் பின் மறைய வேண்டும் என்ற தேர்வு கிடைக்கும். 5 விநாடிகளில் தொடங்கி 5 நிமிடங்கள்வரை நீட்டலாம். எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளும் அதே நேரம் நிற்கும் என்பதால், தேவையற்ற செயலிகளின் அறிவிப்பு உரிமையை முதலில் நீக்கிவிட்டு இதைச் செய்வது நல்லது.

அடுத்து ‘சிஸ்டம்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் முன்னுரிமை அறிவிப்புகளுக்கான பக்கத்தைத் திறந்து, எந்தச் செயலியிலிருந்து வந்தாலும் நினைவூட்டல்களைக் காட்டும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் நாட்காட்டிச் செயலியையும் அங்கே சேர்த்துவிடுங்கள். இப்போது ‘டூ நாட் டிஸ்டர்ப்’ இயங்கினாலும் நினைவூட்டல் வரும்.

மேக் கணினியில் என்ன செய்வது?

மேக்கில் வேறு மென்பொருளைத் தேடுவதற்கு முன், உடன் வரும் ‘காலண்டர்’ செயலியையே சரிசெய்து பாருங்கள். அந்தச் செயலி மூடியிருந்தாலும் நினைவூட்டல் வரும். இந்த ஒன்றில் அது தண்டர்பேர்டைவிட மேலானது. ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ சென்று காலண்டரைத் தேர்ந்தெடுத்தால், அறிவிப்பு தானாக மறைய வேண்டுமா, நீங்கள் நீக்கும்வரை நிற்க வேண்டுமா என்று கேட்கும். நிற்கும் வகைக்கு மாற்றுங்கள்.

திரையைப் பிறருடன் பகிரும்போதும் புரொஜெக்டரில் காட்டும்போதும் அறிவிப்புகளை அனுமதிப்பதற்குத் தனி அமைப்பு உண்டு. அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இணையவழிக் கூட்டத்தின் நடுவே எந்த நினைவூட்டலும் வராது. அனுமதித்தால், ‘பல் மருத்துவர்’ என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதைக் கூட்டத்தில் உள்ள அனைவரும் படிப்பார்கள். அதற்கேற்பத் தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்.

மேக்கின் ‘காலண்டர்’ செயலியில், நினைவூட்டும் நேரத்தில் ஒரு கோப்பைத் திறக்கும் வசதியும் இருக்கிறது. கூட்டத்துக்கான குறிப்புகள் உள்ள கோப்பை அதில் இணைத்துவிட்டால், நேரம் வந்ததும் அது திரையில் விரிந்து நிற்கும். எந்தச் சிறு அறிவிப்பையும்விட இது கண்ணில் படும். இதுவும் போதவில்லை என்பவர்களுக்கு ‘இன் யுவர் ஃபேஸ்’ என்ற கட்டணச் செயலி இருக்கிறது. அது உங்கள் நாட்காட்டியைப் படித்து, கூட்டம் தொடங்கும் நேரத்தில் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கும். ‘மீட்டிங்பார்’ என்ற திறமூலச் செயலி, அடுத்த கூட்டத்தையும் அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் மேல்பட்டையில் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் இதற்கென ஏதாவது உண்டா?

உண்டு, இந்த ஒரு தேவையில் லினக்ஸ் மற்றவற்றைவிட வளமானது என்றே சொல்லலாம். கேடிஇ என்ற லினக்ஸ் மென்பொருள் தொகுப்பில் உள்ள கேஅலார்ம், இதற்கென்றே எழுதப்பட்டது. செய்தியின் எழுத்துரு, எழுத்தின் நிறம், பின்னணி நிறம் ஆகியவற்றை ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். மருந்துக்குச் சிவப்பு, கூட்டத்துக்கு மஞ்சள் என்று வைத்தால், படிக்கும் முன்பே என்னவென்று தெரிந்துவிடும். ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யலாம். ஒரு கட்டளையை இயக்கலாம். நீக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் ‘உண்மையாகவே பார்த்தீர்களா’ என்று மறுமுறை கேட்கச் செய்யலாம். ஆனால் அது முழு நாட்காட்டி கிடையாது. கோஆர்கனைசர் போன்ற நாட்காட்டி மென்பொருள் ஒன்றோடு சேர்த்துத்தான் பயன்படும்.

எவல்யூஷன் என்ற மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. அதன் நினைவூட்டல் பகுதி பின்னணியில் தனியாக இயங்குவதால், எவல்யூஷனை மூடிவிட்டாலும் நினைவூட்டல் வரும். அந்தச் சாளரத்தை எப்போதும் மேலே வைத்திருக்கும் தேர்வும் அதன் அமைப்புகளில் உண்டு.

கூகுள் காலண்டரை உலாவியில் திறந்து வைத்திருந்தால் போதாதா?

போதும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் உலாவியில் திறந்திருக்க வேண்டும். உலாவிக்கு விண்டோஸிலும், கூகுள் காலண்டருக்கு உலாவியிலும் அறிவிப்பு உரிமை இருக்க வேண்டும். இத்தனை இடங்களில் ஏதேனும் ஒன்று அடைபட்டாலும் நினைவூட்டல் வந்து சேராது. இருப்பினும் வேறு வழியில்லாதவர்கள், கூகுள் காலண்டரின் அமைப்புகளில் அறிவிப்பு வகையை ‘டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்பதிலிருந்து ‘அலர்ட்ஸ்’ என்று மாற்றிப் பார்க்கலாம். அது அந்தப் பக்கத்தையே முன்னுக்குக் கொண்டுவந்து குறுக்கிடும் வகை.

இதைவிட நல்லது, சந்திப்புகளைக் கூகுளிலேயே வைத்துக்கொண்டு, தண்டர்பேர்ட், எவல்யூஷன் அல்லது மேக் காலண்டரில் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்வது. வெவ்வேறு மென்பொருள்கள் நாட்காட்டியைப் பரிமாறிக்கொள்ள உதவும் ‘கால்டாவ்’ என்ற பொது நெறிமுறை 2007இல் வகுக்கப்பட்டதிலிருந்து இந்த இணைப்பு எளிதாகிவிட்டது. நாட்காட்டி ஓரிடத்தில், நினைவூட்டும் வேலை வேறிடத்தில் என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

பிறர் அனுப்பிய அழைப்புகளுக்கு மட்டும் நினைவூட்டல் வருவதில்லை. ஏன்?

நாட்காட்டிக் கோப்புகளுக்கான ‘ஐகேலண்டர்’ தரத்தில், நினைவூட்டல் என்பது நிகழ்வுக்குள்ளேயே ஒரு தனிப் பகுதியாக எழுதப்படுகிறது. எத்தனை நிமிடங்களுக்கு முன், செய்தியா, ஒலியா, மின்னஞ்சலா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பிறர் வைத்த நினைவூட்டலை அப்படியே ஏற்றுக்கொண்டால் உங்கள் கணினி அவர் விருப்பப்படி ஒலிக்கத் தொடங்கிவிடும் என்பதால், பெறும் மென்பொருள்கள் பெரும்பாலும் அதைப் புறக்கணித்துவிட்டு உங்களுடைய இயல்பு நினைவூட்டலைச் சேர்க்கின்றன. அந்த இயல்பு அணைந்திருந்தால், அழைப்பு நினைவூட்டல் இல்லாமலேயே நாட்காட்டியில் உட்கார்ந்துவிடும்.

பிறர் உங்களோடு பகிர்ந்த நாட்காட்டிகளும், இணைய முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட நாட்காட்டிகளும் இன்னொரு சிக்கல். கூகுளில் ஒவ்வொரு நாட்காட்டிக்கும் அறிவிப்புகளைத் தனித்தனியே அமைக்க வேண்டும். பழைய அவுட்லுக்கில், மற்றவர் பகிர்ந்த நாட்காட்டியில் உள்ள சந்திப்புக்கு உங்கள் கணினியில் நினைவூட்டல் வராது. முக்கியமானதை உங்கள் சொந்த நாட்காட்டிக்குப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடங்களுக்கு முன் நினைவூட்டச் சொல்வது?

அவுட்லுக்கில் இயல்பாக வரும் 15 நிமிடங்கள் பலருக்கும் பொருந்துவதில்லை. இருந்த இடத்திலிருந்தே சேரும் இணையவழிக் கூட்டத்துக்கு அது மிக முன்னதாக வந்து, ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று நீக்கப்பட்டு மறக்கப்படுகிறது. பேருந்து பிடித்துப் போக வேண்டிய இடத்துக்கோ அது மிகத் தாமதம். தயாராவதற்கு ஒன்று, எழுந்து செல்வதற்கு ஒன்று என இரண்டு வைப்பதே பயன் தரும். தண்டர்பேர்ட், மேக் காலண்டர், கூகுள் காலண்டர் ஆகியவை ஒரே நிகழ்வுக்குப் பல நினைவூட்டல்களை ஏற்கும். கூகுளில் 5 வரை வைக்கலாம். பழைய அவுட்லுக்கில் ஒன்றுதான். அங்கே முதல் நினைவூட்டலை நீக்காமல், ‘ஸ்னூஸ்’ பட்டியலில் உள்ள ‘தொடங்குவதற்கு 5 நிமிடங்களுக்கு முன்’ என்ற தேர்வைப் பயன்படுத்தி இரண்டாவதை உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஒலி வைத்தும் கேட்பதில்லை. காது கேளாதவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?

ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். புளூடூத் ஹெட்செட் இணைந்திருந்தால், அது மேசை இழுப்பறைக்குள் கிடந்தாலும் நினைவூட்டல் ஒலி அதற்குள்தான் ஒலிக்கும். விண்டோஸின் ‘வால்யூம் மிக்ஸர்’ பகுதியில், நாட்காட்டிச் செயலியின் ஒலியை மட்டும் கணினியின் ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட முடியும். நீளமான ஒலிக்கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் உதவும். ஒரு விநாடியில் முடியும் மணியொலி, மின்னஞ்சல் ஒலியோடு கலந்துபோகும்.

காது கேளாதவர்களுக்கு, விண்டோஸ் 11இல் ‘ஆக்சஸிபிலிட்டி’, ‘ஆடியோ’ பகுதியில், ஒலி அறிவிப்பு வரும்போது திரை முழுவதும் மின்னும் வசதி இருக்கிறது. மேக்கிலும் அதுபோன்ற வசதி உண்டு. காது நன்றாகக் கேட்பவர்களும், ஒலியை அணைத்து வைக்க வேண்டிய அலுவலகங்களில் இதைப் பயன்படுத்தலாம்.

கணினி உறக்க நிலையில் இருக்கும்போது நினைவூட்டல் வருமா?

வராது. சாதாரண நாட்காட்டி மென்பொருள் கணினியை எழுப்பாது. கணினி விழித்த பிறகு, தவறியவற்றைக் காட்டும். விதிவிலக்காக, கேஅலார்மில் உறக்கத்திலிருந்து எழுப்பும் தேர்வு உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ வழியாகவும், கணினியை எழுப்பி ஓர் ஒலிக்கோப்பை இயக்கச் செய்யலாம். மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கம் உள்ளவர்கள், அந்த இடைவேளைக்குக் கைபேசியையே நம்புவது நடைமுறைக்கு ஏற்றது.

ஒரு கணினியில் நீக்கிய நினைவூட்டல் மற்றொன்றில் மறுபடியும் ஒலிக்கிறதே?

நீக்கினீர்கள் என்ற செய்தி மற்றக் கருவிக்குப் போய்ச் சேராததே காரணம். இதை நிகழ்விலேயே பதிவுசெய்யும் பொதுவான முறை ‘ஐகேலண்டர்’ தரத்தில் 2021இல்தான் சேர்க்கப்பட்டது; அதுவரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனிக் குறிப்பை எழுதிவந்தது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை எல்லாக் கருவிகளிலும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். இருமுறை ஒலிப்பதால் பெரிய நட்டம் இல்லை என்று விட்டுவிடுவதும் ஒரு தீர்வுதான்.

வெளிநாட்டவரோடு நடக்கும் வாராந்திரக் கூட்டத்துக்கு நினைவூட்டல் ஒரு மணி நேரம் தவறி வருகிறது. ஏன்?

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறுவரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கும் கூட்டம், கோடையில் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. அதை நீங்களே ‘மாலை 6.30’ என்று குறித்து வைத்தால் நவம்பரில் நினைவூட்டல் ஒரு மணி நேரம் முந்திவிடும். நிகழ்வை உருவாக்கும்போது நேர மண்டலத்தை நியூயார்க் என்று தேர்ந்தெடுத்து, 9 மணி என்று எழுதுங்கள். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் செய்தாயிற்று. சரியாக இயங்குகிறது என்று எப்படி உறுதி செய்வது?

சும்மா இருக்கும் திரையில் சோதித்துப் பார்த்தால் எல்லா மென்பொருளும் தேர்ச்சி பெற்றுவிடும். நீங்கள் வழக்கமாக நினைவூட்டலைத் தவறவிடும் சூழலிலேயே சோதிக்க வேண்டும். சில நிமிடங்களில் தொடங்கும் ஒரு சந்திப்பைக் குறித்துவிட்டு, முழுத்திரையில் காணொளியை ஓடவிட்டுக் காத்திருங்கள். பிறகு இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்துகொண்டும், நாட்காட்டிச் செயலியை மூடிவிட்டும், கணினியை உறங்கவிட்டு நேரம் கடந்தபின் எழுப்பியும் இதையே செய்து பாருங்கள். இரண்டு திரைகள் வைத்திருப்பவர்கள், நினைவூட்டல் எந்தத் திரையில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் அறிவிப்புகள் முதன்மைத் திரையில் வருவதால், அதிகம் பார்க்கும் திரையை முதன்மையாக அமைத்துக்கொள்வது நல்லது. இயங்குதளம் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகு இந்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். அறிவிப்பு அமைப்புகளின் இடமும் பெயரும் மாறுவது அப்போதுதான்.